ஆனைக்கல் கோயிலின் லத்தீன் வரலாறு

கிறிஸ்ரி வேனுக்கு வைத்திருந்த ஸ்குரூட்ரைவரை எடுத்துக் கொம்பியூட்டரின் விலாவைக் கழற்றியபோது, அவன் மனைவி அஞ்சலா டீச்சர் பின்னால் நின்று புனித அந்தோனியாரை மன்றாடிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவரிடம் காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரச்சொல்லித்தான் கேட்பார்கள். சாவி, மோதிரம், ஆடு, ஓடிப்போன புருஷன் என்று அவரும் எத்தனையோ காலமாய்த் தேடித் தேடிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அஞ்சலா கேட்டது நேர் எதிர்.

‘ஐயா அந்தோனியாரே, இந்த ஒரு தரம் மட்டும் கண்டுபிடியாதேயும். உமக்குப் புண்ணியமாய்ப் போகும்.’

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி நின்றது. கிறிஸ்ரி அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“துவங்குறதுக்கு உள்ளுக்கு ஒன்னுமே இல்லையாம். ஏதாவது ஒரு கீயை அமத்தட்டாம்.”

அமத்தினான். அதே வரி திரும்ப வந்தது. இன்னொரு கீயை அமத்தினான். அதே வரி. மடுல்கெல்ல ஏற்றத்தில் நின்றுபோன வேனைத் தட்டுவதுபோலக் கொம்பியூட்டரின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினான். அதற்கும் அதே வரிதான்.

உள்ளே ஒன்றும் இல்லாமற் போனதற்குக் காரணம் வேறு யாருமில்லை, அஞ்சலாதான். முந்தின நாள் சுகமில்லை என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கிறிஸ்ரி வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்வரை போர்வைக்குள் இருமினாள். வேன் சத்தம் வளைவைத் தாண்டியதும் எழுந்து, விண்டோஸ் போடுகிற பென் டிரைவைச் செருகி, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் போமட் அடித்தாள். எல்லாம் அழிந்துபோகும், நிச்சயம்தானா என்று மெசின் இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும் ஆமென்றாள். கலியாணப் பூசையில்கூட ஒரு தரம்தான் கேட்டார்கள். பிறகு புது விண்டோஸ் ஏறத் தொடங்குவதற்குள் பென்னைப் பிடுங்கி எடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கிறிஸ்ரி வந்ததும், “கரண்ட் போய் வந்துச்சிங்க, அதுக்குப் பொறகு இப்பிடித்தான்” என்றாள். மலைப்பக்கத்தில் எந்தக் குற்றத்தையும் கரண்டின் தலையில் போடலாம். யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

அந்தக் கொம்பியூட்டருக்குள் இருந்தது ஆனைக்கல் தோட்டத்து அந்தோனியார் கோயிலின் நூறு வருட வரலாறு. யூபிலி மலருக்கு வரலாறு எழுத ஒரு ஆள் வேண்டும் என்று கொமிட்டி கூடியபோது, தலைவர் மரியநாயகம் சரித்திரம் படிப்பிக்கிற டீச்சரைக் கைகாட்டினார். மரியநாயகம் பன்விலவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். கோயிலுக்குக் காணி தானம் கொடுத்த சவரிமுத்துக் கங்காணியின் பேரன். இந்த இரண்டாவது விசயத்தை அவர் சீமெந்து விற்கும்போதும் சொல்லுவார்.

அஞ்சலா ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். ‘கொடைவள்ளல் சவரிமுத்துக் கங்காணி அவர்கள் இறையருளால் ஏவப்பட்டு’ என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொட்டாவி விட்டாள். அடுத்த வரிக்குள் தூங்கிப்போனாள். சரி, நாலு வயசான ஆட்களை விசாரிப்போம் என்று தோட்டத்து வீடுகளுக்கு லயன் லயனாய்ப் போனதுதான் பிழையாய்ப் போனது. முதலில் எல்லாரும் பரலோக மந்திரம் சொல்வதுபோல நல்லதாகவே சொன்னார்கள். ஒரு பிளேன்டீ குடித்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். இரண்டாவது பிளேன்டீக்கு உண்மை வந்தது.

உண்மை படு ருசி. ஒவ்வொரு பின்னேரமும் அஞ்சலா அதை அப்படியே அடித்தாள். எந்தக் கோயில் மலரிலும் வராத சங்கதியெல்லாம் வந்து விழுந்தது. பாட்டுக் குழுவில் யார் யாருடைய தலைமயிரைப் பிடித்தது, பூசைக்கு வைத்த திராட்சை ரசம் எப்படி ஆவியானது, தேர் ஏன் ஒரு வருடம் பாதி வழியில் நின்றது என்று எல்லாம் வந்தது. தானாகச் சிரித்துச் சிரித்து அடித்தாள். பக்கத்து அறையில் கிடந்த கிறிஸ்ரி, பெண்சாதிக்குப் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதென்று நினைத்துச் சந்தோஷப்பட்டான். ஸ்கூல் வேனில் ஏறுகிற தாய்மார் எல்லாரிடமும் பெரிய புத்தகம் வருகிறது என்று பீற்றினான்.

இதை எனக்கென்று வைத்துக்கொள்வோம், கொமிட்டிக்கு ஒரு நல்லபிள்ளை வரலாறு தனியாக எழுதிக் கொடுப்போம் என்பது அஞ்சலாவின் கணக்கு. அந்த நல்லபிள்ளை ‘ஏவப்பட்டு’வைத் தாண்டி வரவேயில்லை. அப்படியிருக்க மரியநாயகம் போன் எடுத்து, “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஃபைலைத் தந்துருங்க டீச்சர், அச்சுக்கு அனுப்பணும்” என்றார். எழுதவில்லை என்று சொல்ல முடியாது, கிறிஸ்ரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். எழுதினதைக் கொடுத்தால் அஞ்சலா அதற்குப் பிறகு அந்தக் கோயில் வாசற்படியை மிதிக்க முடியாது. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில். செத்தாலும் அங்கேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். செத்த கொம்பியூட்டரிடம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று அப்போதுதான் தோன்றியது.

கேள்வி கேட்கவில்லைதான். ஆனால் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தது அந்தோனியம்மா அக்கா. பாட்டுக் குழுவின் தலைவி, எழுபதைத் தாண்டியும் எட்டுக்கட்டையில் பாடுகிறவள். வந்ததும் அஞ்சலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“எங்க தாத்தாவப் பத்தி நல்லா எழுதியிருந்தியாமே அஞ்சலா. ஐயோ, எல்லாம் போச்சே!”

அஞ்சலா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “ஆமாக்கா, விரிவாத்தான் எழுதியிருந்தேன்” என்றாள். அதில் பொய் எதுவுமில்லை.

நாளுக்கு நாள் காணாமற்போன வரலாறு வளர்ந்தது. அதில் தன் அப்பாவைப் பற்றி ஒரு அத்தியாயமே இருந்ததாக ஒருவர் சொன்னார். தன் மாமனாரின் படம் போட இடம் விட்டிருந்ததாக இன்னொருவர் சொன்னார். பங்குச்சாமியார் ஃபாதர் ஜெயராஜ், வயதில் இளையவர், வார்த்தையில் தாராளமானவர், இழந்த செல்வத்தைப் பற்றிய பிரசங்கத்தில் அஞ்சலா டீச்சரை உதாரணம் காட்டினார். ஒரு வரிகூட வாசிக்காத புத்தகத்துக்கு ஊர் இவ்வளவு மரியாதை கொடுக்கும் என்று அஞ்சலா எதிர்பார்க்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. இப்படியே விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லது.

கிறிஸ்ரி விடவில்லை. பெண்சாதியின் ஒரு வருட உழைப்பை மீட்காமல் சோறு இறங்காது என்று நின்றான். ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் அழிறப்பரால் தேய்தேயென்று தேய்த்தான். அடுத்த நாள் உள்ளே இருந்த பொத்தான் பற்றரியை மாற்றினான். அதற்கடுத்த நாள் பெண்சாதியின் முடி காயவைக்கிற மெசினால் தூசி ஊதினான். ஒன்றும் சரிவராததால், வேன் டாஷ்போர்டில் காந்தத்தில் நிற்கிற சின்ன அந்தோனியாரைக் கழற்றி வந்து கொம்பியூட்டரின் தலைமேல் ஒட்டினான்.

“காந்தத்தைக் கொண்டுவந்து அதுல வச்சா உள்ளதும் அழிஞ்சிருமேய்யா!” என்று பார்க்க வந்த மரியநாயகம் கத்தினார்.

“அந்தோனியார் கண்டெடுத்துக் குடுக்கிறவரு தலைவரே, அழிக்கிறவர் இல்ல.”

“அவரு இல்லய்யா, அவருக்கு அடியில உள்ளது!”

அஞ்சலா மட்டும் அந்தக் காந்தத்தை மிகுந்த நம்பிக்கையோடு பார்த்தாள். பாவம், அது தகரத்தில் ஒட்டி நிற்கத்தான் லாயக்கு.

கடைசியில் கிறிஸ்ரி, “திகனைக்குக் கொண்டுபோவோம், றிப்தாகிட்ட” என்றான். அஞ்சலா, வேண்டாங்க, போனது போகட்டும், புதுசா எழுதுவேன் என்றாள். அவள் தியாகம் செய்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். கண்கூடக் கலங்கினான். பிறகென்ன, கொம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் அந்தோனியாரையும் வைத்துக்கொண்டு, அஞ்சலா வேனில் போனாள்.

றிப்தா திகனை டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவள். முப்பது வயதிருக்கும். பர்தாவின் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, வாயில் ஒரு ஸ்குரூவைக் கவ்விக்கொண்டு பேசுவாள். ஹார்டைக் கழற்றித் தன் மெசினில் மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஸ்குரூவை வாயிலிருந்து எடுத்தாள்.

“இத யாரோ போமட் அடிச்சீக்கி.”

“கரண்ட் போய்...” என்று அஞ்சலா தொடங்கினாள்.

“கரண்ட் போமட் அடிக்காது டீச்சர். நிச்சயமாண்டு ரெண்டு தரம் கேட்டிரிக்கும். ரெண்டு தரமும் யாரோ ஓம்ண்டு சொல்லீக்கி. பொறகு விண்டோஸ் போடாமலே விட்டீக்கி. அதான் எழும்புதில்ல. எழும்புறதுக்கு உள்ளுக்கு ஆள் இல்ல.”

அஞ்சலாவுக்குக் காது சுட்டது. அப்போது கிறிஸ்ரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான்:

“நான்தான் தங்கச்சி. போன கிழமை பாட்டு ஏத்துறேன்னு ஒரு பென்னைக் குத்தினேன். என்னமோ கேட்டுச்சி, இங்கிலீசில. நான் ஆமா ஆமான்னு அமத்திட்டேன் போல.”

அவன் எந்தப் பென்னைக் குத்தினானோ, அது வேறு கதை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது அஞ்சலாவுக்கு உண்மையில் நெஞ்சு வலித்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். றிப்தா முந்திக்கொண்டாள்.

“கவலப்படாதீங்க. போமட் அடிச்சா கடைக்கு மேல ஈக்கிற போர்டத்தான் கழட்டுற. சாமான் எல்லாம் உள்ளுக்கு அப்படியே ஈக்கி. நான் எடுத்துத் தாறேன்.”

“வேணாம் றிப்தா” என்றாள் அஞ்சலா. “நெசமாவே வேணாம்.”

“ஐயோ டீச்சர், ஒரு வருச வேலைய விடுறதா? இந்தக் கடையில ஒரு ஹார்டும் என்னை வென்டு வெளிய போனதில்ல. புது விண்டோஸும் போட்டு ஞாயித்துக்கிழமை நானே கோயிலுக்குக் கொண்டு வாறேன். எனக்கும் அந்த ஆனைக்கல் பக்கம் பார்க்க ஆசை.”

திரும்பி வரும்போது கிறிஸ்ரி வளைவுகளில்கூட ஹோர்ன் அடிக்கவில்லை. வழக்கமாக எருமைக்கும் அடிப்பவன். “மன்னிச்சிரு அஞ்சலா” என்று மட்டும் ஒரு தரம் சொன்னான். அவள் ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தன்னைப்போல ஒரு கோழை அந்த மலையில் இல்லை என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அச்சுக்குப் போகுமுன் எல்லாரும் பார்க்கட்டும் என்று மரியநாயகம் பங்கு மண்டபத்தில் புரொஜெக்டர் மாட்டி, திரைக்குப் பதிலாய் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். முன்வரிசைக் கதிரைகளில் கொமிட்டி. றிப்தா சொன்னபடியே வந்து கொம்பியூட்டரை மேசைமேல் வைத்தாள். கிறிஸ்ரி மறக்காமல் சின்ன அந்தோனியாரை அதன்மேல் ஒட்டினான்.

தொடங்குமுன் மரியநாயகம் எழுந்து ஒரு சிறிய உரை ஆற்றினார். “நம்ம கிறிஸ்ரி தெரியாத்தனமா ஒரு பிழையைச் செஞ்சிட்டாரு. கோயில் வரலாற்றையே அழிக்கப் பார்த்தாரு. ஆனா கிறிஸ்தவர்கள் நாம மன்னிக்கக் கடமைப்பட்டவங்க.” மண்டபம் மன்னிக்கிற முகத்தோடு கிறிஸ்ரியைப் பார்த்தது. அவன் பிளக் பொயின்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கொம்பியூட்டர் எழும்பியது. மண்டபம் கைதட்டியது. றிப்தா ஒரே ஒரு ஃபைலைத் திறந்தாள். வேட்டியில் எழுத்து விழுந்தது.

Midf;fy; Njhl;lj;J me;Njhdpahu;

அதற்குக் கீழேயும் அப்படியே, பக்கம் பக்கமாய். அரைப்புள்ளி இல்லாத சொல் அபூர்வம்.

மரியநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். அவர் கண் கலங்கிப்போயிருந்தது.

“லத்தீன்!” என்றார். “டீச்சர் நம்ம கோயில் வரலாற்றை லத்தீன்ல எழுதியிருக்காங்க!”

பெருமூச்சு ஒன்று மண்டபம் முழுவதும் எழுந்தது. பின்னால் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். அந்தோனியம்மா அக்கா, சின்ன வயதில் பூசை இப்படித்தான் இருக்கும், ஒன்றும் விளங்காது, அதுதான் பூசை என்றாள். எல்லாரும் ஃபாதர் ஜெயராஜைப் பார்த்தார்கள். குருமடத்தில் அவர் லத்தீன் சோதனையை எத்தனை தரம் எழுதினார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த விசயம். அவர் வேட்டிக்குக் கிட்டப் போய் நாடியைத் தடவினார்.

“இது... பழைய காலத்து லத்தீன்” என்றார். “இங்க பாருங்க, ‘மே’ன்னு ஒரு சொல்லு. ‘மே’ன்னா ‘என்னை’. பாவசங்கீர்த்தனம் மாதிரி ரொம்பத் தாழ்மையா எழுதியிருக்காங்க.”

மரியநாயகம் கைதட்டினார். கொமிட்டியும் கைதட்டியது.

அஞ்சலாவுக்கு மட்டும் விசயம் பிடிபட்டது. பாமினி! அவள் டைப்பிங் படித்த நாளிலிருந்து பாமினி ஃபொன்டில்தான் தமிழ் அடிப்பாள். அடிப்பது இங்கிலீஸ் எழுத்து, அதைத் தமிழாய்க் காட்டுவது அந்த ஃபொன்ட். போமட்டில் அது போய்விட்டது. புது விண்டோசுக்கு அது என்னவென்றே தெரியாது. ஆகவே அவள் எழுதிய அத்தனை அக்கிரமமும் இங்கிலீஸ் எழுத்தாய், அரைப்புள்ளியாய், ஒரு குருவாலும் வாசிக்க முடியாத லத்தீனாய் நின்றது. அந்தோனியாரே, கண்டெடுத்தும் கொடுத்தீர், மறைத்தும் வைத்தீர், உம்மைப்போல உண்டா என்று அவள் உருகிப்போனாள். அப்படியே அச்சடித்து ஆயரின் கையில் கொடுத்தாலும் பயமில்லை.

“ஐயோ, இது லத்தீனும் இல்ல ஒன்டுமில்ல” என்றாள் றிப்தா. “இது பாமினி. ஃபொன்ட் என்ட பென்ல ஈக்கி. ரெண்டு நிமிசம்.”

அஞ்சலா எழுந்துவிட்டாள். கால் தானாகப் பிளக் பொயின்டை நோக்கிப் போனது. குனிந்து வயரில் கையையும் வைத்துவிட்டாள். ஒரு இழு இழுத்தால் போதும், அதையும் கரண்டின் தலையில் போடலாம். நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்தில் கிறிஸ்ரி நின்றான். மன்னிக்கப்பட்ட மனுசனாய், எங்கே பார்ப்பதென்று தெரியாமல், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். வயரை இழுத்தால் அந்தப் பழியும் அவன்மேல்தான் விழும்.

அவள் கையை எடுத்தாள்.

“போமட் அடிச்சது இவரு இல்ல” என்று சத்தமாகச் சொன்னாள். “நான். தெரிஞ்சுதான் அடிச்சேன். நீங்க யாரும் வாசிக்கக்கூடாதுன்னு அடிச்சேன்.”

கிறிஸ்ரி நிமிர்ந்தான். “அப்ப நான் அந்த ரேமை அழிறப்பரால தேச்சது?”

“சும்மாதாங்க.”

அதற்குள் றிப்தா கடைசித் தட்டலைத் தட்டிவிட்டாள். அரைப்புள்ளிகள் எல்லாம் ஒரே நொடியில் புள்ளிகளாய் மாறி எழுத்துகளின் தலைமேல் ஏறிக்கொண்டன. வேட்டியில் தமிழ் நின்றது. லத்தீனில் கெட்ட பெயர் வாங்கிய ஃபாதர், தமிழிலாவது நன்றாகச் செய்வோம் என்று முந்திக்கொண்டு உரக்கப் படித்தார்.

“‘ஆனைக்கல் தோட்டத்து அந்தோனியார் கோயில், சவரிமுத்துக் கங்காணி தனக்குச் சொந்தமில்லாத காணியைத் தாராளமாகத் தானம் செய்ததால் உண்டானது. காணிக்குச் சொந்தக்காரத் துரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், அவர் குதிரை மேய்கிற இடத்தில் பூசை நடக்கிறது. இடிக்கச் சொன்னால் சனம் கொழுந்து எடுக்காது துரையே என்று கங்காணி வெகு பணிவாகச் சொன்னார்...’”

ஃபாதரின் குரல் போகப்போக இறங்கி நின்றது. மரியநாயகத்தின் கழுத்து சிவந்தது. அந்தோனியம்மா அக்கா வாயைப் பொத்தினாள், முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டாள். பின்வரிசையும் சிரித்தது. எல்லாருக்கும் இது தெரியும் போல.

“அழி” என்றார் மரியநாயகம். “எங்க தாத்தா பேரு வாற இடமெல்லாம் அழி பிள்ள!”

றிப்தா அஞ்சலாவைப் பார்த்தாள். அஞ்சலா தலையாட்டினாள். அழிந்தது. மரியநாயகம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்து, “அடுத்ததப் படிங்க ஃபாதர்” என்றார்.

அடுத்தது சுரூபம். பெரிய அந்தோனியார் சுரூபம் அற்புதமாக வந்து சேர்ந்ததென்று ஆண்டுதோறும் நவநாளில் சொல்வார்கள். அஞ்சலா எழுதியிருந்தபடி, அது வேறொரு ஊர்க் கோயிலுக்குப் போக வேண்டிய பெட்டி. வத்தேகம ஸ்டேசனில் தவறி இறங்கிவிட்டது. அங்கே போர்ட்டராய் இருந்த அந்தோனியம்மாவின் தாத்தா, ‘ஆமா, எங்களுடையதுதான்’ என்று கையெழுத்து வைத்துத் தோளில் தூக்கி வந்துவிட்டார். காணாமற்போன சாமான்களின் புனிதரே காணாமற்போன சாமான், அந்த ஊர்ச் சனம் இன்னும் யாரிடம் மன்றாடித் தேடுகிறதோ என்று அந்தப் பந்தி முடிந்தது.

இப்போது மரியநாயகம் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தோனியம்மா அக்காவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“எங்க தாத்தா திருடரில்ல! அழிச்சிரு!”

“கட்டாயம் அழிக்கணும்” என்றார் ஃபாதர், நெற்றியில் வேர்வையோடு. “பெருநாளுக்கு ஆயர் வாறாரு. அந்த ஊர்க் கோயில்காரங்களும் வருவாங்க.”

அதற்குப் பிறகு அது ஒரு ஒழுங்காகிவிட்டது. ஃபாதர் படிப்பார். சம்பந்தமில்லாதவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சம்பந்தப்பட்டவர் எழுந்து, “அது மட்டும் அழிங்க, மத்தது நல்லாத்தான் இருக்கு” என்பார். றிப்தா அழிப்பாள். திராட்சை ரசம் போனது. பாட்டுக் குழு போனது. பாதி வழியில் நின்ற தேர், நான்கு பேர் எழுந்து நின்றதில் நான்கு பக்கத்தாலும் போனது. அஞ்சலாவைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏச நேரமில்லை, அடுத்தவர் வீட்டுக் கதை வந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரே ஒரு பந்தி மிஞ்சியது. ஃபாதர் முதல் வரியைக் கண்ணால் படித்துவிட்டு அஞ்சலாவைப் பார்த்தார். கிறிஸ்ரி பிளக் பொயின்டிலிருந்து மெல்ல முன்னால் வந்து, தானே படித்தான்.

“‘கோயில்பிள்ளை வேலை பார்த்த பாக்கியநாதன் ஒரு நாள் காலையில் நல்ல குடிவெறியில் துக்கமனி அடித்தார். மலையில் நின்ற சனமெல்லாம் கூடையோடு ஓடி வந்து, யார் செத்தது என்று கேட்டது. நான்தான் என்றார். அவர் பெண்சாதி முதல் பஸ்சில் கண்டிக்குப் போயிருந்தாள், திரும்பி வருகிற எண்ணமில்லாமல். சனம் கொஞ்ச நேரம் நின்றது. செத்த வீட்டுக்கு வந்தாச்சு, சும்மா போகக்கூடாது என்று யாரோ அடுப்பை மூட்டிச் சாயத்தண்ணி வைத்தார்கள். அன்றைக்கு ஒருவரும் மலைக்குத் திரும்பவில்லை. பொழுது சாயும்வரை பிணத்தோடு இருப்பதுபோல அவரோடு இருந்தார்கள். அவருடைய மகள் கொழுந்துக் கூடைக்குள் உட்கார்ந்து சீனி தின்றாள்.’”

இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசை தன் மடியைப் பார்த்தது. அந்தோனியம்மா அக்கா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “சீனிப் போத்தலை நான்தான் குடுத்தேன்” என்றாள். “பிள்ள அழாம இருக்கட்டும்னு.”

ஊருக்குப் புதியவளான றிப்தாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. மௌசில் கையை வைத்தபடி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“இது யாருட? அழிக்கவா?”

எல்லாரும் தங்கள் வீட்டு மானத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வேட்டியில் மிஞ்சி நின்றது அஞ்சலாவுடையது மட்டும்தான். இத்தனை வருடமும் பள்ளிக்கூடத்தில் யாராவது அப்பா பெயரைக் கேட்டாலே அவள் பேச்சை மாற்றுவாள். இப்போது அது ஆளுயர எழுத்தில் நின்றது. அழித்துவிடு என்று ஒரு சொல் சொன்னால் போதும், பிறகு வெள்ளை வேட்டிதான்.

“எங்க அப்பா” என்றாள். “அழிக்காத. ‘மனி’ன்னு விழுந்திருக்கு பாரு. அதுக்கு மட்டும் மூணு சுழி போடு.”

றிப்தா மூன்று சுழி போட்டாள்.

அந்தோனியார் பெருநாளன்று யூபிலி மலர் வெளியானது. வழவழத்த அட்டை. ஆயரின் ஆசியுரை, பங்குத்தந்தையின் வாழ்த்துரை, தலைவரின் முன்னுரை, மரியநாயகம் ஹாட்வெயாரின் முழுப் பக்க விளம்பரம். நடுவில், ‘எமது ஆலய வரலாறு’ என்ற பெரிய தலைப்பின் கீழே அந்த ஒரு பந்தி. ஆயர் பூசைக்கு முன்னால் அதைப் படித்துவிட்டு, மணிக்கூண்டு எங்கே என்று கேட்டாராம். கிறிஸ்ரி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். வேனில் வருகிற தாய்மாரிடம், நம்ம மாமனார் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தேர் புறப்படுகிற சந்தடியில் மரியநாயகம் அஞ்சலாவைத் தேடி வந்து ஓரமாய்க் கூப்பிட்டார். கையில் மலரைச் சுருட்டி வைத்திருந்தார். முகம் வாடியிருந்தது.

“என்ன டீச்சர் இது? நூறு வருச வரலாறுன்னு போட்டிருக்கு. உங்கப்பா ஒருத்தர்தான் இருக்காரு. எங்க தாத்தா பேரு ஒரு இடத்தில கூட இல்லையே!”

“நீங்கதானே தலைவரே அழிக்கச் சொன்னீங்க.”

அவர் மலரை விரித்து இன்னொரு தரம் பார்த்தார். வெடிச் சத்தம் ஓயும்வரை பொறுத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தத் திகனைப் பிள்ளைகிட்டச் சொன்னா, அத திரும்ப எடுத்துத் தருமா?”

தேரில் பெரிய அந்தோனியார் பூவும் லைட்டுமாய் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தார். அஞ்சலா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். இந்தத் தரம் அவள் அவரிடம் எதையும் கேட்கவில்லை.